மாதிரி விடை

சுலோஜனாவின் விடைக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் அதுவரை யாரும் பதினைந்தைத் தாண்டியதில்லை. ஆசிரியர் தாளை உயர்த்திப் பிடித்து, "கோட்பாட்டைச் சொல்லிப்போட்டு அதோட நிண்டா அது பாடப்புத்தகம். ஒரு மனிசரைக் கொண்டுவந்து முன்னுக்கு நிப்பாட்டினா அதுதான் விடை" என்றார். சுலோஜனா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சிரிப்பை மறைக்க வேறு வழி இருக்கவில்லை.

அவளுக்கு முப்பது பிடிக்க நான்கு மாதம் இருந்தது. வவுணதீவிலிருந்து ஸ்கூட்டியில் பாலம் கடந்து, ஒரு பிரதேச செயலகத்துக்கு அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போய் வந்துகொண்டிருந்தாள். நிர்வாக சேவைப் பரீட்சையை இரண்டு முறை எழுதியிருந்தாள். இரண்டாம் முறை ஏழு புள்ளியால் நேர்முகம் தவறியது. இது மூன்றாவது, அடுத்த முறை விண்ணப்பம் கோரும்போது வயது தாண்டிவிடும். பல்கலைக்கழகத்தில் அவள் படித்தது சமூகவியல். "அதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இந்தப் பரீட்சை ஒன்றுதான் அவளிடமிருந்த பதில். சமூகப் பிரச்சினைகள் பற்றிய தாளில் விரும்பிய கேள்விகளைத் தெரிவு செய்யலாம் என்பதால், மற்றவர்கள் பொருளாதாரத்தையும் முகாமைத்துவத்தையும் உருப்போட, அவள் சமூகவியல் கேள்விகளை மட்டும் குறிவைத்துப் படித்தாள்.

பதினெட்டுப் புள்ளி எடுத்த கேள்வி சமூகக் களங்கம் பற்றியது. ஒரு சமூகம் ஒருவர் மீது குத்தும் முத்திரை அவருடைய வாழ்க்கை வாய்ப்புகளை எப்படிக் குறைக்கிறது என்று உதாரணத்தோடு ஆராய வேண்டும். சுலோஜனாவுக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன், கடைசி வருட ஆய்வுக்கட்டுரைக்காக, கரடியனாற்றுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வெளிநாடு போய்த் திரும்பிய பெண்கள் பன்னிரண்டு பேரைப் பேட்டி கண்டிருந்தாள். அதில் ஒரு தாய் தன் மூத்த மகளைப் பற்றி மூன்று மணித்தியாலம் அழுதழுது பேசியிருந்தாள். அந்தப் பேச்சை ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கி, பெண்ணின் பெயரைக் 'கே.' என்று மட்டும் போட்டு, விடையின் நடுவில் வைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் ஜொய்சன் தாளை வாங்கினான். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு வருடம் இளையவன், புளியந்தீவுக்காரன், அவளோடு சேர்ந்து படிப்பவன்.

"சுலோ, இதை டைப் பண்ணி நம்மட குரூப்புல போடுறன். எல்லாருக்கும் உதவும்."

"என்ர பேரைப் போடாத."

"மாதிரி விடை எண்டு மட்டும் போடுறன்."

அவள் சம்மதித்தாள். ஒரு கிழமைக்குள் அது பி.டி.எஃப். ஆகி, மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை என்று பரீட்சைக்குப் படிப்பவர்களின் குரூப்புகளுக்கெல்லாம் போயிற்று. ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்த பயிலுநர் ஒருத்தி அதை அவளிடமே காட்டி, "அக்கா, இது நல்ல நோட்ஸ், அனுப்பவா?" என்று கேட்டாள். சுலோஜனாவுக்குப் பெருமையாக இருந்தது.

பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளைத் தேடி ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நீல நிறச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பொதுமக்கள் தினம் இல்லையே என்று நினைத்தபடி சுலோஜனா கதிரையைக் காட்டினாள்.

"இரிங்க. என்ன விசயம்?"

"நீங்கதானே சுலோஜனா மிஸ்?"

"ஓம். நீங்க ஆரு?"

அந்தப் பெண் ஃபைலைத் திறந்து, மடித்த நான்கு தாள்களை மேசையில் விரித்தாள். சுலோஜனாவின் விடை. யாரோ நீலப் பேனையால் கோடிட்டிருந்தார்கள். சில வரிகளுக்கு இரண்டு கோடு.

"நான்தான் கே." என்றாள்.

சுலோஜனாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது பக்கத்து மேசையைத்தான் முதலில் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "வாங்க, வெளியில கதைப்பம்" என்று எழுந்தாள். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் மாமரத்தடியில் இரண்டு உடைந்த கதிரைகள் கிடந்தன. அந்தப் பெண் உட்காரவில்லை.

அவள் பெயர் கேதீஸ்வரி. ஊரில் முன்பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகப் பத்தொன்பது பிள்ளைகளைப் பார்த்து வந்தாள். பிள்ளையொன்றின் சித்தப்பா இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறார். அவருடைய போனுக்கு வந்த மாதிரி விடையில் உழவு மெஷினில் கால் போன தகப்பன், ஒன்பது வருடம் குவைத்தில் இருந்த தாய், வாய்க்கால் முடிவில் இருக்கும் வீடு, மூன்று பெண் பிள்ளைகள் என்று வாசித்ததும், அது எந்த வீடு என்று அவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அது முன்பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது.

"மிஸ், நான் பதினஞ்சு வயசுல ஒருத்தனோட போனதும் எட்டு மாசத்தால கிறுகி வந்ததும் ஊருக்குத் தெரியும். அதை ஊர் கதைச்சுக் கதைச்சு ஓய்ஞ்சுபோச்சு. ஆனா அதுக்குப் பொறகு நான் சாகப் பாத்ததும், ஆஸ்பத்திரியில நாலு மாசம் மருந்துக் குளிசை எடுத்ததும் அம்மாக்கும் எனக்கும் டொக்டருக்கும்தான் தெரியும்." கையிலிருந்த தாளைக் காட்டினாள். "மறுகா, அம்மாட்டப் பேட்டி எடுத்த ஒங்களுக்கும்."

"நான் பேர் போடல்ல, தங்கச்சி."

"ஓம். பேரைத் தவிர எல்லாம் போட்டிரிக்கிங்க."

கேதீஸ்வரி தாளைத் திருப்பி, இரண்டு கோடு போட்ட வரியைக் காட்டினாள். 'தாயின் நீண்டகாலப் பிரிவால் ஏற்பட்ட அன்புக் குறைபாடே இப்பெண்ணை இளவயதில் வீட்டைவிட்டு வெளியேறத் தூண்டியது' என்று இருந்தது.

"இதை ஆர் சொன்ன?"

"அம்மாட கதையில இருந்து… நான் எடுத்த முடிவு."

"என்னட்டக் கேட்டிங்களா? அண்டைக்கு நான் உள்ளதான் இருந்தன். குசினியில. நீங்க தண்ணி கேட்டப்ப நான்தான் கொண்டந்து தந்த."

சுலோஜனாவுக்குத் தண்ணீர் நினைவிருந்தது. அதைக் கொண்டு வந்தவளின் முகம் நினைவில்லை.

"அப்ப… ஏன் போன நீங்க?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று உணர்ந்தாள். கேதீஸ்வரி அவளை நேராகப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்க கேக்கல்ல. இனி நான் சொல்லவும் மாட்டன்."

முன்பள்ளிக் குழு அவளை இரண்டு கிழமை வீட்டில் நிற்கச் சொல்லியிருந்தது. வரும் வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே அவள் தொடர்ந்து படிப்பிப்பதா இல்லையா என்று பேசுவார்கள். தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தபடி கேதீஸ்வரி தான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"நீங்க வந்து, அது கற்பனையா எழுதின எண்டு சொல்லோணும்."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

சுலோஜனா அன்று மாலையே ஜொய்சனுக்குப் போன் எடுத்தாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"நான் குரூப்புல அழிக்கலாம் சுலோ. ஆனா எத்தின பேர்ட போன்ல இரிக்கோ? அதை ஆரு அழிக்கிற?"

"நான் போகவா?"

"யோசிச்சுப் போ. கற்பனை எண்டு சொன்னா உன்ர ஆய்வுக்கட்டுரையும் கற்பனை எண்டுதான் அர்த்தம். அதே கேஸ்தானே அதுலயும் இரிக்கு? நாளைக்கு இன்டர்வியூல ஆராவது கேட்டா? நீ பேரை மறைச்சித்தானே எழுதின. விதிப்படி உன்ர பக்கம் பிழை இல்ல."

விதிப்படி பிழை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அந்த விதிகளை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்: தகவல் தருபவரின் சம்மதம், அநாமதேயம், பாதிப்பின்மை. மூன்றாவதற்கு மூன்று வரியில் குறிப்பும் எழுதி வைத்திருந்தாள். புதன்கிழமை முழுக்கப் படிக்க உட்கார்ந்தாள். ஒரு பக்கமும் ஏறவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கரடியனாற்றுப் பக்கம் போனாள். வயல் வட்டையில் நெல் கதிர்தள்ளும் பருவத்தில் பொதியாகி நின்றது. கேதீஸ்வரியின் வீட்டில் தாய் சீதேவிப்பிள்ளை மட்டும் முற்றத்தில் நின்றாள். ஆறு வருடத்தில் நன்றாக மெலிந்திருந்தாள். சுலோஜனாவைக் கண்டதும் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"அம்மா, நான் செஞ்சது பிழை."

"ஒண்டு மட்டும் சொல்லு புள்ள. நான் அழுதழுது சொன்னத எடுத்து நீ எத்தின புள்ளி வாங்கின?"

"பதினெட்டு."

"எத்தினைக்கு?"

"இருபதுக்கு."

சீதேவிப்பிள்ளை தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று சுலோஜனா காத்திருந்தாள். சீதேவிப்பிள்ளையோ, தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள்.

"ஒன்பது வருசம் அங்க ஒரு வீட்டுக்குள்ள கிடந்து வந்த எனக்கு, அண்டைக்கு ஒருத்தி முன்னால இருந்து காது குடுத்துக் கேட்டது பெரிசாப் போச்சு. ரெக்கோட் ஓடுறதையும் மறந்துதான் சொன்னன். அவள் ரெண்டு நாளா என்னோட கதைக்கிறாளில்ல. ஒன்னில கோவம் எண்டு நினைச்சிராத. என்னிலதான் கோவம்."

கூட்டம் முன்பள்ளிக் கட்டடத்திலேயே நடந்தது. பெரியவர்கள் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள். சுவரில் மீன், மான், மாம்பழம் என்று கேதீஸ்வரி வரைந்து ஒட்டியவை. அவளோ பின் வரிசையில் யன்னலோரம் நின்றாள். குழுத் தலைவர் கதிர்காமத்தம்பி, கடையொன்று வைத்திருப்பவர், அமைதியான மனிதர். சுலோஜனாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இடம் கொடுத்தார்.

"இந்தக் குறிப்பை எழுதினது நான்தான்" என்று தொடங்கினாள். "நான் ஒரு பரீட்சைக்குப் படிக்கிறன். அதுக்காக எழுதினது. இதுல வாற பெண் உண்மையான ஆள் இல்ல. கற்பனை."

முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் கையை உயர்த்தினாள். "கற்பனையெண்டா, கால் இல்லாத தகப்பன், குவைத்துக்குப் போன தாய் எல்லாம் எப்பிடி அச்சொட்டா வந்த?"

"நான் இந்தப் பக்கம் ஆய்வுக்கு வந்தனான். இஞ்ச மெஷினில கால் கை போன ஆக்கள் எத்தின பேர்? குவைத்துக்கும் சவூதிக்கும் போன தாய்மார் எத்தின பேர்? இந்த அறைக்குள்ளயே எத்தின பேர் இரிப்பிங்க?"

இரண்டு மூன்று பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சுலோஜனாவுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. அப்போது பின்னால், கையில் அந்த விடையின் அச்சுப்பிரதியோடு நின்ற ஒருவர் கேட்டார்: "சரி மிஸ். அப்ப குளிசைக் கதை?"

"அது நான் சேத்தது. புள்ளி கூடக் கிடைக்கும் எண்டு."

"அப்ப ஒரு புள்ளைர வாழ்க்கையைப் பொய்யா எழுதி நீங்க பெரியாளாகப் போறிங்க?"

"ஓம்" என்றாள் சுலோஜனா. "பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

யாரோ போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைத் திருப்பவில்லை. யன்னல் பக்கம் பார்த்தபோது கேதீஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது மட்டும் அவள் அருகில் வந்தாள்.

"வந்ததுக்குச் சந்தோசம், மிஸ்" என்றாள். முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை முன்பள்ளி திறந்தது. பத்தொன்பதில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். அதைச் சீதேவிப்பிள்ளை போனில் சொன்னாள். எண்ணிக்கை மெல்ல மெல்லக் கூடும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த கிழமை கதிர்காமத்தம்பி கேதீஸ்வரியைக் கடைக்குக் கூப்பிட்டு, மிக மரியாதையாக ஒன்று கேட்டார். சில பெற்றோருக்கு மனசு ஆறவில்லை. டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தந்தால் எல்லாருடைய வாயையும் அடைத்துவிடலாம். நோய் எதுவும் இல்லை என்று ஒரு வரி போதும்.

கேதீஸ்வரி கடிதம் வாங்கப் போகவில்லை. "இண்டைக்குக் கடிதம் கேப்பாங்க. நாளைக்கு ஒரு புள்ள விழுந்து முழங்கால் உரஞ்சினா என்ன கேப்பாங்க?" என்று தாயிடம் சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டிய படங்களைக்கூடக் கழற்றாமல் சாவியைத் தலைவரிடம் கொடுத்தாள். மாத முடிவில் வாழைச்சேனையில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சுலோஜனாவின் கூட்டப் பேச்சு நாற்பது செக்கன் வீடியோவாகச் சுற்றியது. 'புள்ளிக்காகப் பொய் எழுதிய அரச உத்தியோகத்தர்' என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் யாரும் நேரே எதுவும் கேட்கவில்லை. பயிலுநர் பிள்ளை மட்டும் சில நாள் அவளைத் தவிர்த்தாள். ஆய்வுக்கட்டுரையை மேற்பார்வை செய்த பேராசிரியையிடமிருந்து ஒரு வரி வந்தது: 'அந்தப் பேட்டி நடந்ததுதானே?' 'நடந்தது, மெடம்' என்று பதில் அனுப்பினாள். அதற்குமேல் விளக்கம் எழுத ஆரம்பித்து, இரண்டு முறை அழித்துவிட்டுக் கைவிட்டாள். மெடமும் மேலே கேட்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. சமூகப் பிரச்சினைத் தாளில் நான்காவது கேள்வி இப்படி இருந்தது: 'மனநலப் பாதிப்புக்குள்ளானவர்கள் மீதான சமூகக் களங்கம் அவர்களது தொழில் வாய்ப்புகளைப் பாதிக்கும் விதத்தை உதாரணத்துடன் ஆராய்க.'

சுலோஜனா அதைப் படித்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தாள். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் தன்னை விட நன்றாக எழுதக் கூடியவர்கள் சிலர்தான் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முந்திய பேட்டி மட்டுமல்ல, சின்னக் கதிரைகளும், பதினொரு பிள்ளைகளும், டொக்டர் கடிதமும் இப்போது அவளிடம் இருந்தன. முன்னையதை விடப் பலமான உதாரணம். அந்த எண்ணம் வந்ததும் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தாள். வாசிக்கப் போவது கொழும்பில் யாரோ ஒருவர், அவருக்கு யார் எவரென்று தெரியப் போவதில்லை, யாருக்கும் ஒரு கேடும் வராது என்றும் தோன்றியது. அதுவும் உண்மைதான். பத்து நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு ஐந்தாவது கேள்விக்குத் திரும்பினாள். முதியோர் சனத்தொகை அதிகரிப்பு. அதற்கு அவளிடம் சில புள்ளிவிபரங்களும் நான்கு உபதலைப்புகளும்தான் இருந்தன.

மண்டபத்துக்கு வெளியே ஜொய்சன் நின்றான். "நாலாவது உனக்கெண்டே போட்டிரிக்கானுகள்!" என்றான். அவள் ஐந்தாவதை எழுதியதைக் கேட்டதும் அவன் முகம் மாறிற்று. "உனக்கு விசரா சுலோ?" என்று மட்டும் கேட்டான்.

முடிவு வர எட்டு மாதம் ஆனது. சுலோஜனாவின் பெயர் நேர்முகப் பட்டியலில் இல்லை. ஜொய்சனின் பெயர் இருந்தது. பிறகு இறுதிப் பட்டியலிலும் இருந்தது. அவன் கேக் பெட்டியோடு அவளுடைய வீட்டுக்கு வந்தான். அவளுடைய அம்மா அவனை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். அம்மா உள்ளே போன பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"சுலோ, உன்னட்ட மறைக்க ஏலாது. நாலாவதுக்கு நான் அந்தக் கேஸைத்தான் எழுதின. நீ கூட்டத்துக்குப் போனது, மறுகா அந்தப் புள்ள வேலையை விட்டது, எல்லாம் சேத்து. நீ எழுதாம விட்டத நான் எழுதினன்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் வேலையை விட்ட கதையை அவனிடம் சொன்னது யார்? அவளேதான். ஆறுதலுக்காக ஒரு நாள் போனில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள், சீதேவிப்பிள்ளை அவளிடம் கொட்டியதைப் போல.

"நல்லா எழுதினியா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றான். கண் கலங்கியிருந்தது. "நான் போற இடத்துல இப்பிடிப் புள்ளையளுக்கு ஏதாவது செய்வன். சத்தியமா."

அவன் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி கரடியனாற்றுப் பக்கம் போனாள். இம்முறை யாரும் அழைக்கவில்லை. சீதேவிப்பிள்ளை தின்னக் கச்சான் கடலை கொடுத்தாள். கேதீஸ்வரி வாழைச்சேனையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள், மாதத்துக்கு ஒரு தரம் வருவாள், தாயோடு கதைக்கிறாள், ஆனால் முன்னைப் போல் இல்லை.

"அவட நம்பரைத் தருவிங்களா அம்மா?"

"குடுக்க வேணாமெண்டு சொல்லியிரிக்காள் புள்ள. நீ வந்தா அதைச் சொல்லச் சொன்னவள்."

சுலோஜனா தலையசைத்தாள். பிறகு, வழியெல்லாம் சொல்வதா விடுவதா என்று நினைத்து வந்ததைச் சொன்னாள். தான் பாஸாகவில்லை. கூடப் படித்தவன் பாஸாகிவிட்டான். கேதீஸ்வரியின் கதையை அவனும் எழுதியிருக்கிறான்.

சீதேவிப்பிள்ளை கச்சான் கோதுகளை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவர் இனிப் பெரிய உத்தியோகமா?"

"ஓம். உதவிப் பிரதேச செயலாளரா வருவார். எந்தப் பக்கம் போடுவாங்க எண்டு தெரியாது."

"எங்கட பக்கம் வந்தா," அவள் மெதுவாகக் கேட்டாள், "நாங்க ஒரு அலுவலாப் போய் முன்னால நிண்டா, அவருக்கு எங்களத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் சுலோஜனா.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. காயப்போட்ட நெல்லை அள்ள வேண்டும் என்று சீதேவிப்பிள்ளை எழுந்தாள். சுலோஜனாவும் எழுந்து, சாக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.